ஊமைக்கோட்டான்

எங்கள் வீட்டில் என்னைத் திட்டுவதற்கு ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை. காலையில் அம்மா, மாலையில் டியூஷன் அக்கா, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா என்று முறை வைத்துத் திட்டினார்கள். இருந்தும் ஏழாம் வகுப்பு படித்த வருடம், முகம் தெரியாத ஒருவனிடம் திட்டு வாங்குவதற்காக நான் தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கைகால் கழுவிக்கொண்டு தயாராக உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாள் அப்படி உட்கார்ந்தேன்.

ஆம்பூரில் எங்கள் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூன்று குடும்பங்கள் இருந்த கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. அப்பா டேனரியில் தோலுக்குச் சாயம் ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தார். அம்மாவும் அம்மாவின் தங்கையான சித்தியும் ஒரே ஷூ கம்பெனிக்குப் போனார்கள். அம்மா தைப்பாள். சித்தி, தைத்து வந்தவற்றைச் செக்கிங்கில் பார்ப்பாள். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த இடத்தைச் சில்வர் பேனாவால் சுழித்து, ரிஜெக்ட் என்று ஒதுக்கிவைப்பது அவள் வேலை. தாத்தா தவறிய பிறகு எங்களோடு இருந்தாள். காலேஜ் முடித்திருந்தாள். வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, டீ குடித்துவிட்டு, காய்ந்த துணியை எடுத்துவர மொட்டை மாடிக்குப் போவாள். துணி மடித்துக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆகும். மேலே காற்று வாங்குகிறாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பள்ளிக்கூடப் பாடமெல்லாம் போனில் வர ஆரம்பித்த காலம் அது. அப்பாவின் பழைய போன் என் கைக்கு வந்தது. பக்கத்துத் தெருவில் இருந்த பெரியப்பா மகன், பன்னிரண்டாம் வகுப்பு படித்த என் அண்ணன், அதில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தான். ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். ஆளுக்கொரு துப்பாக்கி. இடிந்த கட்டடங்களுக்குள் ஓடி ஒளிந்து ஒருவரையொருவர் சுட வேண்டும். நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி நீ எங்கள் கில்டுக்கு வரலாம் என்றான். கில்டு என்றால் எப்போதும் ஒன்றாகச் சேர்ந்து விளையாடும் கூட்டம். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்துப் பையன்கள் நாற்பது பேர் அதில் இருந்தார்கள். அண்ணன் அங்கே பெரிய கை. வேலூரில் ஒரு மண்டபத்தில் நடக்கவிருந்த போட்டிக்குக் கில்டு அனுப்பும் ஐந்து பேரில் அவனும் ஒருவன். அதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் மாறும்.

நான் எனக்கு மின்மினி என்று பெயர் வைத்துக்கொண்டேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர அதில் வேறு யோசனை இல்லை.

முதல் நாள் மைக்கைப் போட்டு எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன். உடனே யாரோ என் குரலைப் போலவே மூக்கால் வணக்கம் சொன்னான். இன்னொருவன் அதைப் பதிவுசெய்து மூன்று முறை போட்டுக் காட்டினான். அண்ணன் நடுவில் புகுந்து, அது என் தங்கச்சி, கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்றான். அதுதான் அவன் செய்த தப்பு. வந்திருப்பது புது ஆள், அதுவும் பெண், அதுவும் சிபாரிசில் வந்தவள் என்று மூன்றும் அவர்களுக்கு ஒரே வாக்கியத்தில் தெரிந்துபோயிற்று. நான் செத்தால் சிரித்தார்கள். சாகாமல் இருந்தால் எங்கேயோ ஒளிந்திருக்கிறாள் என்று திட்டினார்கள். நான் எதிரியைச் சுட்டபோதும் அது குருட்டாம்போக்கில் பட்டது என்றார்கள். அன்றைக்கு எனக்குப் புதிதாக ஒரு வார்த்தை கிடைத்தது. அதற்கு அர்த்தம் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அர்த்தம் சொல்லவில்லை, வாயில் ஒன்று வைத்தாள்.

அவர்களில் ஒருவன் மட்டும் வாயே திறக்கமாட்டான். மைக் போடமாட்டான். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பான், அவ்வளவுதான். ஊமைக்கோட்டான் என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். மற்றவர்கள் திட்டுவது மழை மாதிரி, எல்லார் மேலும் விழும். ஊமைக்கோட்டான் திட்டுவது ஊசி. நான் எந்த இடத்தில் தடுமாறினேன், எந்தக் கதவுக்குப் பின்னால் பயந்து நின்றேன், எத்தனை குண்டை வீணாக்கினேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவைத்து, ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் படிக்கும்படி அடிப்பான். கடைசியில் எப்போதும் ஒரே வார்த்தை, ரிஜெக்ட். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லாத வீடு கிடையாது. எங்கள் தெருவில் வாழைக்காய் விற்கிறவர்கூட அழுகலைத் தள்ளிவைத்து ரிஜெக்ட் என்பார். அதனால் எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

ஏன் திரும்பத் திரும்பப் போனாய் என்று இப்போது யாராவது கேட்டால் சரியான பதில் என்னிடம் இல்லை. ஒரு நாளாவது அவன் திட்ட இடமில்லாமல் விளையாடிக் காட்ட வேண்டும் என்று இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆறாம் நாள் விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரு பையன் புதிதாக வந்தான். அவனுக்குப் பேச்சு திக்கும். "வ... வணக்கம்ணா" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான், எல்லாரும் என்னை விட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எனக்கு வைத்த பெயர்களையெல்லாம் நானும் அவனுக்கு அடித்து அனுப்பினேன். இரண்டு பேர் அதற்குச் சிரிப்புப் படம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. பையன் இருபது நிமிடம் இருந்தான். போகும்போதுகூட வர்றேன்ணா என்று சொல்ல முயற்சி செய்தான், முடிவதற்குள் தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள். மறுநாள் அவன் வரவில்லை. மறுபடியும் நான்தான் புது ஆள்.

ஏழாம் நாள்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

அன்று காலையில் ஜன்னல் கொக்கி கிழித்து, வலது கட்டைவிரலில் பிளாஸ்திரி போட்டிருந்தேன். சுடுவதற்கு அந்த விரல்தான் வேண்டும். மைக்கைத் தொடவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஊமைக்கோட்டான் அடித்தான்: "வெரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கினு இன்னாத்துக்கு வர்ற? வீட்ல போய் பால் குடி. ரிஜெக்ட்."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். எதிர் மாடியில் யாரும் இல்லை. கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டு ஆசிரியை அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு மாதிரி பார்த்தது போல இருந்தது. மாடியிலிருந்து சித்தி துணி மூட்டையோடு இறங்கிவந்து, ஏன் படியில் நிற்கிறாய், போய்ப் படி என்றாள்.

அன்றைக்குப் பிறகு எல்லார் மேலும் எனக்குக் கண். கீழ் வீட்டு ஆசிரியையின் மகள் என் வகுப்புத் தோழி, அவளுக்கு ஒரு மாமா பையன் இருந்தான். பால் ஊற்றுகிறவர் எப்போதும் போனை நோண்டிக்கொண்டே வருவார். டியூஷன் அக்காவின் தம்பி என் விரலைப் பார்த்து என்னாச்சு என்று கேட்டிருந்தான். அப்பாவைக்கூட நான் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் அவர் குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் டேனரி ஆட்களின் குழுவும் நாட்டு மருந்துக் குறிப்புகளும்தான் இருந்தன. அப்பா மேல் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கமே வரவில்லை. பட்டியலில் ஒருவர் குறைந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு பொறி வைத்தேன். பன்னிரண்டு வயதில் நான் கண்டுபிடித்தவற்றில் அதுதான் மிகப் பெரியது என்று ரொம்ப நாள் பெருமையாக இருந்தது. மூன்று பேரிடம் மூன்று பொய் சொன்னேன். தோழியிடம், கணக்குப் பரீட்சையில் பூஜ்யம் வாங்கிவிட்டேன் என்றேன். டியூஷன் அக்காவின் தம்பியிடம், எனக்குக் கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அண்ணனிடம், குளியலறையில் பல்லியைப் பார்த்து அழுதுகொண்டே ஓடிவந்து வாசலில் விழுந்தேன் என்றேன். யாருடைய பொய் ஊமைக்கோட்டான் கையால் திரும்பி வருகிறதோ அவர்தான் ஊமைக்கோட்டான். சித்தியிடம் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவள் போனில் சமையல் வீடியோவைத் தவிர வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் வந்தது: "பல்லிக்கு அழுவுற பாப்பாவுக்கு துப்பாக்கி எதுக்கு? ரிஜெக்ட்."

நான் அழவில்லை. அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். அதற்கு முந்திய நாட்களில் அவனும் மற்றவர்களும் அடித்த அசிங்கங்களையும் படம் பிடித்து வைத்திருந்தேன். எனக்காகப் பரிந்து பேசியவன், பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவன், எனக்கு முன்னால் ஒரு பேரும் பின்னால் ஒரு பேருமாக இருந்திருக்கிறான். அன்று அண்ணன் வீட்டுக்கு வந்து, நேற்றைக்கு நன்றாக விளையாடினாயே என்று சொன்னான். அதுவும் நடிப்பு என்று எனக்குத் தெரிந்தது. சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அவன் சிரிப்புகூடச் சாட்சியாகிவிடுகிறது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்த ஒரு குடும்பம் சித்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. எத்தனை பேர் வருவார்கள், எங்கே உட்காரவைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் கறாரானவர், பெண் அடக்கமாக இருக்கிறாளா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுத்தான் வருவார் என்று பெரியம்மா சொன்னாள். நம்ம பொண்ணைப் பற்றி எவன் என்ன சொல்லிவிடுவான், வாய் இருக்கிறதா என்றே ஊருக்குத் தெரியாது என்றார் பெரியப்பா. சித்தி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் போனைக் கொண்டுபோய்ப் பெரியப்பா கையில் கொடுத்தேன். அண்ணன் என்னை இந்தப் பேரில் இப்படியெல்லாம் திட்டுகிறான் என்றேன்.

பெரியப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படித்ததால் சில வார்த்தைகளின் பாதி வெளியே கேட்டுவிட்டது. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அண்ணன், நான் இல்லை என்றான். பல்லிக் கதையை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு பூண்டு இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். என்னைக் காப்பாற்று என்று சித்தியிடம் கெஞ்சுகிறான் என்று எனக்குப் பட்டது. சித்தி தலையை நிமிர்த்தவில்லை. உரித்து முடித்த ஒரு பல்லையே நகத்தால் மறுபடி மறுபடி கீறிக்கொண்டிருந்தாள்.

"நீ இல்லன்னா வேற யார்ரா?" என்று பெரியப்பா கேட்டார்.

"தெரியாது."

"தெரியுமா தெரியாதா?"

பெரியப்பா அறைந்தார். தோல் மூட்டை தூக்கிப் பழகிய கை அது. அண்ணன் சுவரோரம் போய் நின்றான், அழவில்லை. பெரியப்பா அவன் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். போட்டிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதை அப்போதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அதையும் அவன் சொல்லவில்லை. அன்று சாப்பாட்டில் யாரும் கறி கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. சித்தி தலைவலி என்று எழுந்து போய்விட்டாள். பெண் பார்க்க வருகிற நேரத்தில் பயந்திருப்பாள் என்று அம்மா சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் நான் செய்ததுதான் இதில் எனக்கே பிடிக்காத பகுதி. அண்ணனின் போன் பீரோவுக்குள் இருந்தது. விளையாட்டைத் தூக்கிவிடச் சொல்லி அம்மா கட்டளை போட்டிருந்தாள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கலாம் என்று ஐந்தரை மணிக்குத் திறந்தேன். ஊமைக்கோட்டான் அங்கே இருந்தான். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பூட்டிய பீரோவுக்குள்ளிருந்து யாரும் விளையாட முடியாது. எனக்கு அது தெரியும். சிநேகிதன் போனில் விளையாடுகிறான் என்று உடனே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றே என்னைக் குழப்பச் செய்கிறான் என்றும் சொல்லிக்கொண்டேன். நேரே பெரியப்பா வீட்டுக்குப் போய் அண்ணன் என்ன செய்கிறான் என்று பார்த்துவிட்டு வர இரண்டு நிமிடம் போதும். நான் போகவில்லை. போய், அவன் கையில் போன் இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊமைக்கோட்டான் அன்று திட்டவில்லை. "இன்னும் போவலியா நீ" என்று அடித்தான். நான் பதில் அடிப்பதற்குள் திரை மாறியது. கில்டிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள் என்று வந்தது. நீக்கியவர் பெயரும் வந்தது. அது ஊமைக்கோட்டான்தான்.

அதன்பிறகு அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போட்டிக்கு அவன் இடத்தில் வேறு யாரோ போனார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் சைக்கிளை மறுபக்கம் ஒடிப்பான். குற்றம் செய்தவன் முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன், அல்லது நினைக்க முயற்சி செய்தேன். குடியாத்தத்துக்காரர்கள் வந்தார்கள். விசாரித்ததில் எல்லாரும் பெண் இருக்கிற இடமே தெரியாது என்று சொன்னதாக மாப்பிள்ளையின் அம்மாவே சந்தோஷமாகச் சொன்னார். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

கல்யாணத்தன்று காலையில் முகூர்த்தத்துக்கு முன்னால், மணப்பெண் அறையில் சித்தி தன் போனை என்னிடம் கொடுத்தாள். அவள் போனில்தான் படம் நன்றாக விழும். சடங்கு முடியும்வரை நீயே வைத்துக்கொண்டு படம் எடு என்று அம்மா சொன்னதால், வேறு வழியில்லாமல்தான் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு நொடி விரலை எடுக்கவில்லை.

தாலி கட்டுவதற்கு மேளம் மாறுகிற நேரம். நான் மேடைக்குக் கீழே போனைத் தூக்கிப் பிடித்திருந்தேன். திரையின் தலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கில்டின் பெயர். அதற்குக் கீழே, "ஊமைக்கோட்டான், நாலு நாளா ஆளைக் காணோம், இன்னா தலைவா பேஜாரா?" என்று இருந்தது.

என் கை தானாகவே படம் எடுத்துக்கொண்டிருந்தது. அட்சதை தலையில் விழுந்தது. இரண்டாவது செய்தி வந்தது. நான் திரையையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தேன். மேடையில் சித்தி மாலைக்குள் முகம் புதைந்து, நகை கனத்தில் கழுத்து குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். பந்தி வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் நின்றான். மூன்று மாதத்தில் அவன் என் பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. என் கையிலிருந்த திரையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் போனை வாங்கி, அந்தச் செய்திகள் மேலே வராதபடி எதையோ மாற்றி, திரும்ப என் கையில் வைத்தான்.

"போட்டோ எடு," என்றான்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டேன். அவனும் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவான். இரண்டு பேருக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம்.

"சித்தி மொதல்ல சொந்தப் பேர்லதான் வந்துச்சு. காலேஜ் படிக்கும்போது. குரலைப் புடிச்சி, கண்ட கண்ட பேச்சோட சேத்து, அதோட காலேஜ் குரூப்புக்கே அனுப்பிட்டானுங்க. பத்து நாள் காய்ச்சல்னு படுத்திருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அப்புறம் நான்தான் வேற பேர் வெச்சி கூட்டியாந்தேன். பேசாத, டைப் மட்டும் பண்ணுன்னு சொன்னேன். மாப்ள வூட்ல விசாரிக்கிற நேரத்துல போய் இதை எப்படிச் சொல்றது?"

காய்ச்சல் எனக்கு ஞாபகம் இருந்தது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். உடம்பு சுடவே இல்லையே என்று அப்போது தோன்றியதும் ஞாபகம் வந்தது.

பல்லிக் கதையைச் சிரித்துக்கொண்டே சித்தியிடம் சொன்னது அவன்தான். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்ததற்குச் சித்தி என் மேல் ஒரு வாரம் கோபமாக இருந்தது, உனக்கும் அது மாதிரி ஆகிவிடக் கூடாது என்றுதான் திட்டி விரட்டப் பார்த்தது என்றான். நான் நம்பவில்லை. என்னை வைத்து இரண்டு பேரும் விளையாடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அதற்குப் பதிலாக, அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டேன். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மன்னிப்பை நான் கேட்டது பத்தாம் வகுப்பு முடித்த பிறகு, அதுவும் போனில் அடித்து. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான், அவ்வளவுதான்.

இன்றைக்கும் அவன் சொன்னதில் பாதியைத்தான் நம்புகிறேன். காப்பாற்ற நினைத்தவளுக்கு அத்தனை ருசியாகத் திட்ட வேண்டியிருந்ததா? அந்த விரிஞ்சிபுரத்துப் பையன் அவளுக்கு யார்? அவனையும் அவள் விட்டுவைக்கவில்லை. நாள் முழுக்கக் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் தலையாட்டிவிட்டு, வீட்டில் வாய் இருக்கிறதா என்றே தெரியாதவள் என்று பேர் வாங்கிவிட்டு, மாடியில் துணிக்கொடிக்கு நடுவே நாற்பது ஆம்பளைகள் தலைவா என்று கூப்பிடும் ஒரு மணி நேரம் அவளுக்கு இருந்தது. அந்த இடத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் புதிதாக வருகிறவர்களை எல்லாரையும் விட அவள்தான் முதலில் கடிக்க வேண்டியிருந்திருக்கும். எவ்வளவு எனக்காக, எவ்வளவு தனக்காக என்று அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

ஆடிக்குச் சித்தியை அழைத்துவந்தார்கள். கல்யாணமாகி ஒன்றரை மாதம். இளைத்திருந்தாள். சாயங்காலம் டீ குடித்ததும் பழக்கம்போல மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கொடியில் துணியே இல்லை. அவள் கையில் போன் இருந்தது, ஆனால் சும்மா வைத்திருந்தாள். விளையாட்டை எடுத்தாயிற்று என்று நான் கேட்காமலே சொன்னாள். குடியாத்தத்தில் போனை எல்லார் முன்னாலும்தான் வைக்க வேண்டுமாம்.

மனதில் தயார் செய்துவைத்திருந்த கோபத்தையெல்லாம் நான் கொட்டினேன். விரல், பல்லி, ரிஜெக்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சுண்ணாம்பை நகத்தால் பெயர்த்தாள்.

"ரெண்டு நாள் திட்டுனா போய்டுவன்னு நெனச்சேன்," என்றாள் கடைசியில். "நீ பன்னெண்டு நாள் இருந்த."

எனக்குக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஊமைக்கோட்டான் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு என்று அதை எடுத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்தேன்.

"நீ எத்தனை நாள் தாங்குன சித்தி?" என்று கேட்டேன். நான் கேட்டது விளையாட்டைப் பற்றி.

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. குடியாத்தத்திலிருந்து அவள் மாமியார். சித்தி சட்டென்று சுவரிலிருந்து நிமிர்ந்து நின்றாள். தோளில் இருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் சரியாகச் சொருகினாள். முன்னால் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். அதன்பிறகுதான் போனைக் காதில் வைத்து, "சொல்லுங்க அத்தை," என்றாள். அந்தப் பக்கம் நீளமாகப் பேச்சு ஓடியது. சித்தி நின்ற இடத்திலேயே நின்று, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

போனில் பேசுகிறவருக்கு முந்தானை எங்கே தெரியப்போகிறது என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடி, அம்மாவிடம் அதை அப்படியே நடித்துக் காட்டினேன். அம்மாவும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.